மரக்காலும் மூச்சும்

அறுவடை முடிந்து, தூற்றிப் பொலி குவித்தபின், தஞ்சைப் பக்கத்துக் களங்களில் நெல் அளக்க ஒரு முறை இருந்தது. அளப்பவர் குவியலின் ஓரத்தில் குனிந்து நின்று மரக்காலைப் பொலிக்குள் செருகி நிரப்புவார். முதல் மரக்காலைக் கொட்டும்போது 'ஒன்று' என்று சொல்ல மாட்டார், 'லாபம்' என்பார். அப்புறம்தான் 'ரெண்டு', 'மூணு'. எண்ணை வெடுக்கென்று சொல்லி விடுவதில்லை; இழுத்து, ராகம் போட்டு, அடுத்த மரக்கால் நிறையும் வரை வாயிலேயே வைத்திருப்பார். குத்தகை, வாரம், ஆள் கூலி எல்லாம் அந்த எண்ணிக்கையில்தான் நிற்கின்றன. நடுவில் யாராவது பேச்சுக் கொடுத்தால் அவர் முறைப்பதற்குக் காரணம் இருந்தது. இப்போது நேரடி நெல் கொள்முதல் நிலையத்தில் 40 கிலோ மூட்டையாக மின்னணுத் தராசில் ஏறிவிடுவதால் அந்தக் குரலைக் கேட்பது அரிது.

இந்தக் காட்சியைத் தியானத்துக்கான பாடமாக ஒருவர் எழுதி வைத்திருக்கிறார். கி.பி. 5ஆம் நூற்றாண்டில் அநுராதபுரத்து மகாவிகாரையில் இருந்து புத்தகோசர் பாலியில் எழுதிய விசுத்திமக்கத்தின் எட்டாம் அத்தியாயத்தில், ஆனாபானசதி என்னும் மூச்சில் கவனம் வைக்கும் பயிற்சி விரிவாக வருகிறது. புதிதாகத் தொடங்குகிறவன் மூச்சை எப்படி எண்ண வேண்டும்? தானியம் அளப்பவனைப் போல, நிதானமாக எண்ண வேண்டும் என்கிறார். அளப்பவன் படியை நிரப்பி 'ஒன்று' என்று கொட்டுகிறான். மறுபடி நிரப்பும்போது கண்ணில் பட்ட குப்பையை எடுத்து எறிந்துகொண்டே 'ஒன்று, ஒன்று' என்று சொல்லிக்கொண்டிருக்கிறான். குப்பை எடுக்கும் அந்த விவரத்தைக் களத்தைப் பார்க்காதவர் எழுதியிருக்க முடியாது. பயிற்சியின் உயிரும் அதில்தான் இருக்கிறது. எண் என்பது மூச்சின் முடிவில் வைக்கும் புள்ளி அல்ல, அந்த மூச்சு முழுவதற்கும் கூடவே ஓடுவது. நடுவில் வந்து விழும் நினைப்பைக் கண்டு அளப்பவன் கோபித்துக்கொள்வதில்லை. எடுத்துப் போட்டுவிட்டு அதே எண்ணில் தொடர்கிறான்.

புத்தகோசர் சோழநாட்டுக்காரர் என்று சொல்ல ஆதாரம் இல்லை. அங்குத்தர நிகாயத்துக்கு அவர் எழுதிய உரையின் முடிவில், காஞ்சிபுரத்தில் சோதிபாலர் என்ற பிக்குவோடு தங்கியிருந்ததாக ஒரு குறிப்பு உண்டு. தமிழ்நாட்டுத் தொடர்பு அந்த அளவில் உறுதி. காவிரிக் கரைக்காரர் என்று தயங்காமல் சொல்லத் தக்கவர், அவருடைய சமகாலத்தவராகக் கருதப்படும் புத்ததத்தர். ஊர் உறையூர். வினயவினிச்சயம் என்ற நூலைச் சோழநாட்டில், காவிரிக் கரையில், பூதமங்கலத்தில் வேணுதாசர் கட்டிய விகாரையில் இருந்து, களப்பிர குலத்து அச்சுத விக்கந்தன் ஆட்சியில் எழுதினேன் என்று அவரே சொல்லியிருக்கிறார். களப்பிரர் காலத்தை 'இருண்ட காலம்' என்று பாடப்புத்தகத்தில் படித்து வளர்ந்தவர்கள் இந்த முடிவுரையை ஒரு தடவை நிதானமாகப் படிக்கலாம். இலங்கையிலிருந்து திரும்பிக்கொண்டிருந்த புத்ததத்தரின் படகும், இலங்கைக்குப் போய்க்கொண்டிருந்த புத்தகோசரின் படகும் கடலில் சந்தித்தன என்பது பௌத்த மரபுக் கதை. அது நடந்ததோ இல்லையோ, காவிரிப்பூம்பட்டினத்துக்கும் அநுராதபுரத்துக்கும் இடையே பிக்குகளும் சுவடிகளும் போய்வந்துகொண்டிருந்தது உண்மை. பூம்புகாரில் பல்லவனேசுவரத்தில் 1960களில் தொல்லியல் துறை தோண்டியபோது விகாரையின் அடித்தளமும் புத்தபாதக் கல்லும் கிடைத்தன. மூச்சை எண்ணும் இந்தப் பாடம் அந்த அறைகளில் படிக்கப்பட்டிருக்க வேண்டும் என்பது என் ஊகம். துணிந்து செய்யக்கூடிய ஊகம்.

எண்ணிக்கைக்குப் புத்தகோசர் வரம்பும் கட்டுகிறார். ஐந்துக்குக் கீழே நிறுத்தாதே, பத்துக்கு மேலே போகாதே. ஐந்துக்குக் குறைந்தால் மனம் நெருக்கடியான பட்டியில் அடைபட்ட மாடுபோல முட்டிக்கொள்ளும். பத்தைத் தாண்டினால் மனம் மூச்சை விட்டுவிட்டு எண்ணைப் பிடித்துக்கொள்ளும். நடுவில் விட்டுவிட்டு எண்ணினாலோ, 'நமக்குத் தியானம் கூடிவிட்டதோ' என்ற சந்தேகம் கிளம்பும். பழகப் பழக மூச்சு தெளிவாகத் தெரிந்து வேகம் பிடிக்கும்போது தானியக்காரனை விட்டுவிட்டு மாட்டுக்காரனைப் பார்க்கச் சொல்கிறார். மடியில் கூழாங்கல், கையில் சாட்டை, பட்டி வாசலில் உட்கார்ந்திருக்கிறான் இடையன். இரவெல்லாம் அடைபட்டுக் கிடந்த மாடுகள் ஒன்றையொன்று நெருக்கிக்கொண்டு வெளியே பாய்கின்றன. உள்ளே என்ன நடக்கிறது, வெளியே எங்கே போகிறது என்று அவன் பார்ப்பதில்லை. வாசலுக்கு வந்த மாட்டை மட்டும் எண்ணிக் கல்லைப் போடுகிறான். மூக்கு நுனியில், அல்லது மேலுதட்டில், காற்றுப் படும் இடமே அந்த வாசல். அதன்பின் எண்ணிக்கையையும் விட்டுவிட்டுத் தொடர்தல், தொடுதல், நிறுத்துதல் என்று பாடம் மேலே போகிறது. மூச்சோடு கூடவே உள்ளே போய்த் தொப்புள்வரை தொடராதே, மனம் கலங்கும் என்ற எச்சரிக்கையும் உண்டு. மரம் அறுப்பவன் ரம்பத்தின் பல் போவதையும் வருவதையும் பார்ப்பதில்லை, பல் மரத்தில் படும் இடத்தைத்தான் பார்க்கிறான் என்பது அவர் தரும் இன்னொரு விளக்கம்.

இந்த ஐந்து, பத்துக் கணக்கை ஆய்வுக்கூடத்தில் வைத்துப் பார்த்திருக்கிறார்கள். 2014இல் அமெரிக்காவின் விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் டேனியல் லெவின்சன் குழுவினர் வெளியிட்ட ஆய்வில், பங்கேற்றவர்கள் மூச்சை மனத்துக்குள் ஒன்று முதல் ஒன்பது வரை எண்ணி, திரும்ப ஒன்றிலிருந்து தொடங்க வேண்டும். எட்டு வரை ஒரு பொத்தான், ஒன்பதுக்கு வேறு பொத்தான். எண்ணில் தவறினால் மனம் எங்கோ போய்விட்டது என்பது அவரைக் கேட்காமலே கணினிக்குத் தெரிந்துவிடும். நான்கு ஆய்வுகள், 400க்கு மேற்பட்ட ஆட்கள். சரியாக எண்ணியவர்களுக்கு மன அலைச்சல் குறைவாகவும் மனநிலை சற்றே நன்றாகவும் இருந்தது. நான்கு வாரப் பயிற்சியில் எண்ணும் திறன் கூடியது. 'நான் கவனமாக இருக்கிறேனா' என்று ஒருவரைக் கேள்வித்தாளில் கேட்டால் அவர் தமக்குப் பிடித்ததைத்தான் எழுதுவார் என்பது இந்தத் துறையின் பழைய தலைவலி. அதற்கு மருந்தாக, ஏறக்குறைய 1,500 ஆண்டுப் பழமையான ஓர் உத்தியை எடுத்து அளவுகோலாக்கிக்கொண்டார்கள்.

இதுவரை சொன்னதில் மூச்சை யாரும் ஒன்றும் செய்யவில்லை. நீளமாக வந்தால் நீளம், குட்டையாக வந்தால் குட்டை; பார்ப்பதோடு சரி. காவிரிக் கரையிலேயே இதற்கு நேரெதிரான பள்ளி ஒன்றும் உண்டு. அது மூச்சை ஆளச் சொல்வது.

கும்பகோணத்திலிருந்து மயிலாடுதுறை போகும் வழியில் திருவாவடுதுறை. அருகே சாத்தனூர். வடக்கிலிருந்து வந்த சிவயோகி ஒருவர், மூலன் என்ற இடையன் செத்துக் கிடப்பதையும் மாடுகள் சுற்றி நின்று கதறுவதையும் கண்டு, மாடுகளின் துயர் தீர்க்க அவன் உடம்புக்குள் புகுந்தார் என்று 12ஆம் நூற்றாண்டில் சேக்கிழார் சொல்கிறார். அவரே திருமூலர். ஆவடுதுறைக் கோயில் அரசமரத்தடியில் ஆண்டுக்கு ஒரு பாட்டாக 3,000 ஆண்டு இருந்து திருமந்திரம் பாடினார் என்பது கதை. அவர் காலம் 5ஆம் நூற்றாண்டா, அதற்கு மிகப் பின்னா என்பதில் அறிஞர்களுக்குள் இன்னும் சண்டை ஓயவில்லை. மூச்சுக்குப் பாடம் சொல்ல வந்த பாலி நூலிலும் ஓர் இடையன், தமிழ் நூலின் கதையிலும் ஓர் இடையன். இதில் பெரிய ரகசியம் எதுவும் இல்லை. நெல்லும் மாடும் தவிர வேறு சொத்து தெரியாத நாடுகளில் உவமை அங்கிருந்துதான் வரும்.

பத்தாம் திருமுறையான திருமந்திரத்தின் மூன்றாம் தந்திரம் அட்டாங்க யோகம். அதில் பிராணாயாமப் பகுதி தரும் அளவு இது: இடது நாசியால் 16 மாத்திரை உள்ளே இழுப்பது பூரகம், 64 மாத்திரை நிறுத்துவது கும்பகம், வலது நாசியால் 32 மாத்திரை வெளியே விடுவது இரேசகம். ஒன்றுக்கு நான்குக்கு இரண்டு. இங்கே மூச்சு பார்க்கப்படுவதில்லை, அளந்து கொடுக்கப்படுகிறது.

ஒரு மாத்திரை எவ்வளவு நேரம்? இதைக் கேட்காமல் 'திருமூலர் 64 சொன்னார்' என்று கைக்கடிகாரத்தை வைத்துக்கொண்டு மூச்சை அடக்குகிறவர்களைப் பார்க்கிறோம். வினாடியாக எடுத்தால் ஒரு சுற்றுக்கு 112 வினாடி, அதாவது ஏறக்குறைய இரண்டு நிமிடத்துக்கு ஒரு மூச்சு. தொல்காப்பியம் எழுத்துக்குச் சொல்லும் மாத்திரையோ கண்ணிமைக்கும் நேரம், கைநொடிக்கும் நேரம். இமைப்புக்கு மூன்றில் ஒரு வினாடி என்று வைத்தால் சுற்று முழுவதும் 37 வினாடியில் முடியும். நிறுத்துவது 21 வினாடிதான். வேறு சில யோக நூல்கள் முழங்காலைக் கையால் ஒரு சுற்றுச் சுற்றிச் சொடக்குப் போடும் நேரத்தை மாத்திரை என்கின்றன. அது வினாடியை விடவும் நீளலாம். ஆக, அளவு ஏட்டில் இல்லை, சொல்லிக் கொடுப்பவர் கையில் இருந்திருக்கிறது. உயர் ரத்த அழுத்தம், இதயக் கோளாறு உள்ளவர்களும் கருவுற்ற பெண்களும் கும்பகத்தைப் புத்தகம் பார்த்துச் செய்யக் கூடாது என்று மருத்துவர்கள் சொல்வதோடு இது நன்றாகவே பொருந்துகிறது.

திருமூலர் கணக்கில் உடலியலோடு மிக நெருங்கி வருவது கும்பகம் அல்ல, இழுப்பதைப் போல் இரண்டு மடங்கு விடுவது. மூச்சு உள்ளே போகும்போது இதயத் துடிப்பு சற்று விரைகிறது; வெளியே விடும்போது வேகஸ் நரம்பின் பிடி இறுகித் துடிப்பு தளர்கிறது. விடுவதை நீட்டினால் தளர்வும் நீள்கிறது. நிமிடத்துக்கு ஆறு மூச்சு என்ற வேகத்தில் ரத்த அழுத்தத்தைச் சீராக வைத்திருக்கும் அனிச்சைச் செயல் கூர்மையடைகிறது என்பதும் அளந்து பார்த்த விஷயம். 2001இல் இத்தாலியின் லூசியானோ பெர்னார்டி குழுவினர் 23 பேரை வைத்துச் செய்த ஆய்வு, பிரிட்டிஷ் மருத்துவ இதழில் வந்தது. லத்தீனில் ஜெபமாலை சொன்னாலும், 'ஓம் மணி பத்மே ஹும்' சொன்னாலும், மூச்சு தானாகவே நிமிடத்துக்கு ஆறுக்கு இறங்கிவிட்டது. வேளாங்கண்ணியில் ஜெபமாலை உருட்டும் பாட்டியும் பிராணாயாமம்தான் செய்துகொண்டிருக்கிறார் என்று சொன்னால் அவரும் சிரிப்பார், சைவ மடத்துக்காரர்களும் சிரிப்பார்கள். நாடி பிடித்துப் பார்த்தால் உண்மை.

பார்ப்பது மேலா, ஆள்வது மேலா? 2023இல் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தார் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்கள். நூற்றுச் சொச்சம் பேர், நாளுக்கு ஐந்து நிமிடம், ஒரு மாதம். ஒரு பிரிவு மூச்சை வெறுமனே கவனித்தது. மற்றப் பிரிவுகள் மூன்று வகையில் மூச்சை மாற்றின. பதற்றம் எல்லாருக்கும் குறைந்தது. மனநிலை கூடுதலாகத் தேறியதும், சும்மா இருக்கும்போதே மூச்சு வேகம் தணிந்ததும், வெளிமூச்சை நீளமாக விட்ட பிரிவில்தான். ஆள்பவர்கள் ஜெயித்தார்கள் என்று அப்போது செய்தி வந்தது. எனக்கு அது அவசரத் தீர்ப்பாகவே படுகிறது. ஐந்து நிமிடத்தில் பலன் தருவது ஒன்று, பல மாதம் உட்கார்ந்து பழகினால் மனத்தின் போக்கையே காட்டிக் கொடுப்பது வேறொன்று. ஒரு மாதத்தில் அளந்தால் முதலாவதுதான் ஜெயிக்கும். புத்தகோசர் மூச்சை எண்ணச் சொன்னது ரத்த அழுத்தம் இறங்குவதற்காக அல்ல.

எண்கள் விஷயத்தில் நம் மரபு சில இடங்களில் சரியாகவும் சில இடங்களில் ஆசைப்பட்டும் பேசியிருக்கிறது. மனிதன் ஒரு நாளுக்கு 21,600 மூச்சு விடுகிறான் என்பது யோக, சித்தர் நூல்களில் அடிக்கடி வரும் எண். சிதம்பரம் பொன்னம்பலக் கூரையில் அத்தனை பொன் ஓடுகள் என்று கோயிலில் சொல்வார்கள். நிமிடத்துக்கு 15 என்று கணக்கிட்டால் வருவது. ஓய்வில் இருக்கும் பெரியவர்களுக்கு மருத்துவம் சொல்லும் 12 முதல் 20 என்ற எல்லைக்குள் நிற்கிறது. சரம் மாறுவதும், அதாவது ஒரு நாசி அடைத்து மறு நாசி திறப்பதும் உண்மை. ஐரோப்பாவில் ரிச்சர்டு கைசர் 1895இல் அதை முறைப்படி பதிவு செய்தார். ஆனால் எந்தக் கிழமைக்கு எந்தச் சரம் ஓடினால் புறப்பட்ட காரியம் கூடும் என்பதற்கும், மூச்சை மிச்சம் பிடித்தால் அந்த அளவுக்கு ஆயுள் நீளும் என்பதற்கும் சான்று ஒன்றும் கிடையாது.

பார்க்கும் பள்ளிக்கும் ஆளும் பள்ளிக்கும் நடுவே டெல்டாவில் மூன்றாவதாக ஒன்று இருக்கிறது. அதைத் திருவாரூரில் தேட வேண்டும். திருமால் பாற்கடலில் பள்ளிகொண்டு சோமாஸ்கந்த மூர்த்தியை மார்பில் வைத்து வழிபட்டார். அவர் மூச்சு ஏறி இறங்க, மார்பில் இருந்த மூர்த்தியும் ஏறி இறங்கி ஆடினார். பின்னாளில் அந்த மூர்த்தி இந்திரனிடம் போய், முசுகுந்தச் சக்கரவர்த்தி கைக்கு வந்து, திருவாரூரில் தியாகராசராக அமர்ந்தார் என்பது தலபுராணம். கூடவே கொடுக்கப்பட்ட ஆறு பிரதிகள் திருநள்ளாறு, நாகைக்காரோணம், திருக்காறாயில், திருக்குவளை, திருவாய்மூர், திருமறைக்காடு ஆகிய ஊர்களில். விடங்கர் எனப்படும் இந்த ஏழு மூர்த்திகளுக்கும் ஏழு நடனம். ஆரூரில் ஆடுவது அசபா நடனம். அசபை என்றால் செபிக்காமலே நடக்கும் செபம். உள்ளே போகும் காற்று 'ஸோ', வெளியே வரும் காற்று 'ஹம்'. யாரும் சொல்ல வேண்டாம், மூச்சே நாளெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறது, காது கொடுத்தால் போதும் என்பது இதன் பின்னால் உள்ள பயிற்சி.

தியாகராசர் வீதிக்கு வரும்போது தூக்குகிறவர்கள் நேராக நடப்பதில்லை. தோளில் தண்டு இருக்க, உடம்பை ஏற்றி இறக்கி, பக்கவாட்டில் அசைத்து, நடை போடுகிறார்கள். முகம் தவிர மற்றதெல்லாம் மாலையும் துணியும் மூடிய அந்த மூர்த்தி கூட்டத்தின் தலைக்கு மேலே மெல்ல உயர்ந்து தாழ்கிறது. கீழே இருப்பவர்களின் தோள் நனைந்து, மூச்சு இரைக்கிறது. திருமாலின் மூச்சை அவர்கள் தங்கள் மூச்சைக் கொண்டு நடித்துக் காட்டுகிறார்கள் என்றே சொல்லலாம். 1775இல் இதே ஊரில் பிறந்த முத்துசுவாமி தீட்சிதர் தியாகராசர் மேல் பாடிய கீர்த்தனைகளில் 'தியாகராஜ யோக வைபவம்' என்று தலைப்பே யோகத்தைச் சொல்வதற்கு இந்தப் பின்னணி தெரிந்தால் கூடுதல் அர்த்தம் வரும்.

தியானம் பழகப் போகிறவர்கள் முதல் வாரத்தில் சந்திக்கும் சிக்கலுக்கு அசபை நல்ல பதில் என்று நினைக்கிறேன். 'மூச்சைக் கவனி' என்றதுமே மூச்சு செயற்கையாகிவிடுகிறது. கவனிக்கிறோம் என்று நினைத்துக்கொண்டே இழுக்கவும் விடவும் தொடங்கிவிடுகிறோம். சிலருக்கு நெஞ்சு இறுகிப் பயம்கூட வரும். பீதித் தாக்குதல் வரும் வழக்கம் உள்ளவர்களுக்கு மூச்சில் கவனம் வைப்பது நிலைமையை மோசமாக்கலாம். அவர்கள் பாதம் தரையில் படுவதையோ ஒலியையோ எடுத்துக்கொள்வது நல்லது. கேட்பது என்று சொன்னால் கை கொஞ்சம் விலகுகிறது. எண்ணுவதும் இதே வேலையை வேறு விதமாகச் செய்கிறது: மூச்சில் தலையிடத் துடிக்கிற மனத்துக்கு ஒரு சின்ன வேலை கொடுத்து ஓரமாக உட்கார வைக்கிறது.

பௌத்தப் பாடம் டெல்டாவில் எப்போது நின்றது என்று நாள் குறிக்க முடியாது. ராஜராஜனின் 21ஆம் ஆட்சியாண்டில் ஸ்ரீவிஜய அரசன் நாகப்பட்டினத்தில் கட்டிய சூடாமணி விகாரைக்கு ஆனைமங்கலம் ஊர் விடப்பட்டதை லைடன் செப்பேடுகள் சொல்கின்றன. 1476இல் பெகு அரசன் தம்மசேதி இலங்கைக்கு அனுப்பிய தேரர்களில் சிலர், திரும்பும்போது கப்பல் உடைந்து நாகப்பட்டினம் வந்து, பாதரிகாராமம் இருந்த இடத்தைக் கும்பிட்டதைப் பர்மாவின் கல்யாணிக் கல்வெட்டு பதிந்திருக்கிறது. 'இருந்த இடம்' என்ற பேச்சிலேயே விகாரை அழிந்துவிட்டது தெரிகிறது. எஞ்சி நின்ற கோபுரத்தையும் 1867இல் இடித்தார்கள். 1856 முதல் அங்கே மண்ணுக்கடியில் கிடைத்த புத்தர் செப்புத் திருமேனிகள் சுமார் 350. பல, தியானத்தில் அமர்ந்த கோலம்.

மூச்சைப் பார்க்கும் பயிற்சி மறுபடி இந்தியாவுக்குள் வந்தது அந்தத் தேரர்கள் போன திசையிலிருந்துதான். பர்மாவின் லெடி சயடோ (1846–1923) பிக்குகளுக்கு மட்டுமே உரியதாக இருந்ததை இல்லறத்தாருக்குத் திறந்துவிட்டார். அவரிடம் கற்ற சயா தெட்ஜி (1873–1945) ரங்கூனுக்கு எதிர்க்கரையில் நெல் பயிரிட்ட விவசாயி. ஐராவதி டெல்டாவின் வயற்காட்டு ஆட்களே அவருக்கு முதல் மாணவர்கள். தஞ்சை, நாகைப் பக்கத்திலிருந்து கப்பலேறியவர்கள் அதே டெல்டாவில் கூலிக்கு அறுவடை செய்துகொண்டிருந்த காலம் அது. அவரிடம் 1937இல் போய்ச் சேர்ந்த ஊ பா கின் பின்னாளில் பர்மாவின் தலைமைக் கணக்காயர் ஆனார். அவருடைய மாணவர் எஸ்.என். கோயங்கா 1969இல் பம்பாயில் முதல் முகாம் நடத்தினார். இன்று சென்னையை அடுத்த திருமுடிவாக்கத்தில் உள்ள மையத்துக்கு டெல்டாவிலிருந்தும் ஆட்கள் போய்ப் பத்து நாள் வாய் பேசாமல் உட்கார்ந்துவிட்டு வருகிறார்கள்.

அந்த முகாமில் முதல் மூன்று நாளும் ஆனாபானம்தான். மூக்கு வாசலில் காற்றுப் படும் இடத்தைப் பார்க்க வேண்டும். மூச்சை நீட்டக் கூடாது, நிறுத்தக் கூடாது, மந்திரம் சேர்க்கக் கூடாது, எண்ணவும் கூடாது. ஆக, திருமூலரின் அளவுக்கும் இடமில்லை, ஆரூரின் ஸோஹத்துக்கும் இடமில்லை, புத்தகோசரின் மரக்காலுக்குமே இடமில்லை. அவருடைய பட்டி வாசல் மட்டும் மிஞ்சியிருக்கிறது. எண்ணைச் சேர்த்தால் மனம் அதைப் பிடித்துக்கொள்ளும் என்பது அவர்கள் சொல்லும் காரணம். அந்த அபாயம் புத்தகோசருக்கும் தெரியும். அதனால்தான் பத்தில் நிறுத்தினார், பழகியபின் எண்ணை விட்டுவிடவும் சொன்னார். பத்து நாள் முகாமில் கண்காணிப்போடு உட்காருகிறவருக்கு எண் இல்லாமல் ஓடலாம். வேலைக்குப் போகுமுன் வீட்டுத் திண்ணையில் கால் மணி நேரம் உட்காருகிறவருக்கு, முதல் சில மாதங்களாவது, ஐந்துக்குக் குறையாமலும் பத்துக்கு மேல் போகாமலும் 'லாபம், ரெண்டு, மூணு' என்று அளந்துகொண்டிருப்பதுதான் தோதுப்படும்.